தராசு பிடித்த கைகள்

1980-களில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் மாதத்துக்கு ஒரு காலை எடை நாள். கூரை விட்டத்திலோ வேப்பங்கிளையிலோ கடிகார முகம் கொண்ட தராசு தொங்கும். அதன் கொக்கியில் மாட்டிய துணிப்பையில் பிள்ளையைக் கால் தொங்க உட்கார வைப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும். முள் ஆடி அடங்கும் வரை பொறுத்திருந்து, எண்ணைப் படித்து, அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு போட்டு இணைப்பார் எடை பார்க்கும் பெண். கோடு மேலே ஏறியிருந்தால் தாய்க்கு ஒரு சிரிப்பு. ஏறாமல் படுத்துக் கிடந்தால் அன்றைக்கே பேச்சு. என்ன கொடுத்தாய், எத்தனை தரம் கொடுத்தாய், வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டு, மூன்று மாதத்துக்குத் தினமும் சத்துமாவு உருண்டை வாங்க அந்தப் பிள்ளையின் பேரை எழுதிக்கொள்வார்.

உலக வங்கிக் கடனுதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தின் எடை நாள் அது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் ராமநாதபுரமும் ஒன்று. அன்றைய ராமநாதபுரம் பெரியது. சிவகங்கையும் விருதுநகரும் அதிலிருந்து பிரிந்தது 1985-ல்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடையை மாதந்தோறும் பார்த்து, வளர்ச்சி தடுமாறுகிறவர்களுக்கு மட்டும் இணை உணவு தந்து, தேறியதும் நிறுத்துவது திட்டத்தின் வழி. அந்த வேலைக்கு ஆள் எடுத்த முறையை இன்று நினைத்தாலும் மனம் மெச்சுகிறது. அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தும் தன் பிள்ளையைத் திடமாக வளர்த்தவராக இருக்க வேண்டும் என்று தேடினார்கள். அப்படிப்பட்டவர் சொன்னால் அண்டை வீட்டுக்காரி கேட்பாள் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். சுமார் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளரைப் போட்டார்கள். தடுமாறிய இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் எப்போதும் இருந்தார். அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள் வளர்ச்சி வரைபடத்தைப் பிழையில்லாமல் படித்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாக இறங்கியது. இந்தத் திட்டத்தைப் படிக்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பால்வாடி டீச்சருக்கு இதெல்லாம் எங்கே வரும் என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். ஊனமுள்ள குழந்தையைக் கண்டறிவது, மற்றக் குழந்தைகளோடு சேர்த்து உட்கார வைத்துக் கற்பிப்பது எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை என்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே மாவட்டத்துப் பெண்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால், கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தால், அவர்களுக்கு வரும்.

ஆனால் அன்று சொல்லிக்கொடுத்தது எடையையும் உணவையும்தான். நாட்டில் 33 வட்டாரங்களில் 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது முன்பருவக் கல்வியும் அதன் ஆறு சேவைகளில் ஒன்றாக இருந்தது. அதற்கு முன்பே, பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்காக அரசு அமைத்த ஆய்வுக் குழுவுக்கு மீனா சுவாமிநாதன் தலைமை ஏற்று, 1972-ல் அறிக்கை தந்திருந்தார். விளையாட்டின் வழியே கற்பதைப் பற்றி அந்தத் தலைமுறையினர் தெளிவாகவே பேசினார்கள். ஆனால் நாடு பசியில் இருந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது 2 வயதுப் பிள்ளைக்கும் சோறு கிடைத்தது. ஊர் ஊருக்குக் குழந்தைகள் மையம் வந்தது. பயிற்சியிலும் அரிசி அளவு, பருப்பு அளவு, இருப்புப் பதிவேடு, நகம் வெட்டுதல், அபிநயத்தோடு நாலு பாட்டு என்றுதான் பாடம் ஓடியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சோறு இல்லாவிட்டால் ராமநாதபுரக் கரையில் பல பிள்ளைகள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு குழந்தை மட்டும் அந்தப் பதிவேட்டில் சரியாக உட்காரவில்லை. ஒரு வயது தாண்டியும் கழுத்து நிற்காத பிள்ளை, துணிப்பையில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். எடையைப் பார்த்துப் புள்ளி வைத்துவிடலாம். கழுத்து ஏன் நிற்கவில்லை என்று கேட்கவோ எழுதவோ அட்டையில் இடமில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கும் இடமில்லை. அது மற்றவர்களோடு சோறு சாப்பிட்டுவிட்டு மூலையில் இருக்கும். “அது அப்படித்தான், பாவம்” என்பதோடு பேச்சு முடியும். பல பிள்ளைகள் அந்த மூலைக்குக்கூட வந்ததில்லை.

இங்கே கடலோர வாழ்க்கையின் நேரக்கணக்கைச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலிருந்து கீழக்கரை வரையுள்ள ஊர்களிலும் ஆண்கள் இரவில் கடலுக்குப் போவார்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்களும் கடலுக்குப் போகிறவர்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறையைப் பிடித்து மூழ்கிப் பாசி எடுப்பார்கள். விடியலில் போனால் திரும்பி வர மதியம் சாயும். அந்த வீட்டில் நடக்க முடியாத பிள்ளை இருந்தால் என்ன ஆகும்? பாட்டி இருந்தால் பாட்டி பார்ப்பாள். இல்லாவிட்டால் பத்து வயது அக்காவின் பள்ளிக்கூடம் நிற்கும். அக்காவும் இல்லாவிட்டால், தவழ்ந்து கிணற்றடிக்கோ கடலுக்கோ போய்விடாதபடி பிள்ளையின் இடுப்பில் சேலைத் துண்டைக் கட்டித் தூணோடு முடிந்துவிட்டுப் போவாள் தாய். கல்நெஞ்சுக்காரி என்று அவளைச் சொல்ல முடியாது. கட்டாமல் போனால் பிள்ளை செத்துப்போகும் என்ற பயத்தில் கட்டியவள் அவள்.

கட்டி வைப்பதன் கடைசி முனை எது என்பதை இதே மாவட்டம் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் பார்த்தது. ஏர்வாடியில் கொட்டகை போட்டு நடத்தப்பட்ட தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கே இருந்தவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லோரும் கைகழுவிவிட்டுப் போனவர்கள் அல்லர். ஏர்வாடி தர்காவின் மேல் வைத்த நம்பிக்கையோடு வந்தவர்கள் அதிகம். அருகில் மருத்துவர் இல்லை. எங்கே போவது என்று சொல்ல ஊரில் ஆளும் இல்லை. மூன்று வயதில் ஒருவர் பார்த்து, கையைப் பிடித்து வழிகாட்டியிருந்தால் சிலருடைய வாழ்க்கையாவது வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்ற எண்ணத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை.

வழி சொல்லியிருந்தாலும் போவது எளிதாக இல்லை. 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை தீவிலிருந்து வெளியே போக ரயில்தான், இல்லாவிட்டால் படகு. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய் இரும்பு காலிப்பர் மாட்டிக்கொண்டு வந்த தாய்மார்கள் இந்தக் கரையில் உண்டு. அந்தக் காலிப்பர் மூன்று கிலோவுக்கும் மேலே. அதை இழுத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஒரு பிள்ளை எப்படி நடக்கும்? ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த கூட்டுப்பொருளைக் கொண்டு ஐதராபாத் மருத்துவர்களோடு சேர்ந்து சுமார் 300 கிராமில் காலிப்பர் செய்துகொடுத்தது அதன் பிறகு. பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சியைப் பல மேடைகளில் அவர் சொன்னார். அவருடைய தொடக்கப்பள்ளிக் கதையும் தெரிந்ததுதான். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர், கோயில் குருக்களின் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்தக் குருக்கள் லட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். யார் எங்கே உட்காருவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமும். அந்தச் சிறுவனுக்காகப் பேசச் சாஸ்திரிகள் இருந்தார். பேச வராத பிள்ளைக்காகப் பேச ஆசிரியரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இடையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதன் வழி வந்த பள்ளிகள் இன்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டன. ஆனால் அந்த முறை பிறந்த இடம் வேறு. ரோமில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தபோதுதான் தொட்டுப் பார்த்துக் கற்கும் பொருள்களின் பலனை அவர் கண்டார். அதைப் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலை வைத்து எழுத வைத்ததும் தொட்டு அறிவதுதான். சிறப்புக் குழந்தைக்கென்று செய்கிற ஒன்று மற்றப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இனி இன்றைய நிலை. 1995-லும் அதைவிட விரிவாக 2016-லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டங்கள் வந்தன. 2016-ன் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு ‘போஷண் பி, படாய் பி’ என்ற பெயரில் ஊட்டச்சத்தோடு கல்வியையும் முன்னிறுத்தும் பயிற்சியை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 28-ல் மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிக் கண்டறிவது, எப்படிச் சேர்ப்பது, எங்கே அனுப்புவது என்ற நெறிமுறையும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ‘நவசேதனா’, மூன்று முதல் ஆறு வயதுக்கு ‘ஆதார்ஷிலா’ என்று இரண்டு பாடத்திட்டங்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பிருந்தே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ இருக்கிறது.

இப்போதைய பயிற்சி வகுப்பு பழைய வகுப்பைப் போல இல்லை. கையேட்டை வாசித்து முடிப்பதோடு நிற்பதில்லை. பயிற்சி எடுக்க வந்தவர்களைத் தரையில் வட்டமாக உட்கார வைக்கிறார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு, அறைக்குள் தண்ணீர்ப் பானையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒருவர், மற்றவர்கள் பாடும் பாட்டுக்கு ஆட முயல்கிறார். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு. பிறகு அறை அமைதியாகிவிடும். அதன்பின் வளர்ச்சிப் படிகள். மூன்று, நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா? பிடி இல்லாமல் உட்காருகிறதா? ஒன்றரை வயதில் நடக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா? எடைக் கோட்டைப் போலவே இதுவும் ஒரு கோடு. நிற்கும் இடத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

தங்கச்சிமடம் பக்கத்து மையம் ஒன்றில் இதன் பலனைப் பார்த்தேன். மூளை முடக்குவாதம் உள்ள நாலு வயதுச் சிறுமி. சுவர் மூலையில் இரண்டு பலகையை முக்கோணமாகச் சேர்த்து, அடியில் பழைய மீன்பெட்டி மூடியைப் போட்டு, துணி திணித்து அவளுக்கு ஆசனம் செய்திருக்கிறார் டீச்சர். முதுகுக்கு இரண்டு பக்கமும் தாங்கல் கிடைத்ததும் அவளுக்குக் கைகள் இரண்டும் விடுபட்டுவிட்டன. முன்னே ஒரு தட்டில் மணல். அதற்குள் கரையில் பொறுக்கிய சோழிகளும் சங்கும் புதைந்திருக்கின்றன. நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எடுத்து, சொரசொரப்பு ஒரு பக்கம், வழவழப்பு ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். அவள் முறை வந்ததும் ஒரு சிறுவன் அவசரப்பட்டு எடுத்துக் கையில் கொடுக்கப் போனான். டீச்சர் சத்தம் போடவில்லை. “ராசா, அவ எடுப்பா, பொறு” என்றார். நேரம் ஆனது. விரல் நடுங்கியது. சோழியை எடுத்துச் சரியான பக்கம் வைத்தாள். அடுத்த பிள்ளை தன் முறையைத் தொடங்கிவிட்டது. கைதட்டல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கே படித்தீர்கள் என்று டீச்சரைக் கேட்டேன். ஆசனம் செய்வதை வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் காட்டிக்கொடுத்தாராம். மணல் தட்டு அவருடைய சொந்த யோசனை. பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொன்னபோது, “நல்லாத்தான் சொன்னாங்க. மூணு நாளுதானே, திரும்பி வந்தா நம்ம கேக்குறதுக்கு ஆள் இல்ல” என்றார்.

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. அத்தனை பேருக்கும் பயிற்சி என்றால் மேலிருந்து கீழே அடுக்கடுக்காகத்தான் போக முடியும். டெல்லியில் சொன்னது ராமநாதபுரம் வருவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. மூன்று நாளில் 21 வகை ஊனத்தையும் புதிய பாடத்திட்டத்தையும் சொல்லி முடிக்க யாராலும் ஆகாது. அங்கன்வாடிப் பணியாளரின் பழைய பணிப் பயிற்சியே 26 நாள் இருந்தது. இப்போது கைப்பேசியில் ‘போஷண் ட்ராக்கர்’ செயலி வேறு. வருகை, எடை, உயரம், முகப்பதிவு என்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். தீவின் ஓரத்தில் சிக்னல் கிடைக்காமல் வாசலில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், உள்ளே பிள்ளைகளை ஆயாதான் பார்க்க வேண்டும். ஆயா பணியிடம் காலியாக இருந்தால் அதுவும் இல்லை.

முறையாகப் படித்து இந்த வேலைக்கு வர நினைக்கும் ராமநாதபுரத்துப் பெண்ணுக்கு வழி இன்னும் கடினம். மஞ்சூரில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தொடக்கப்பள்ளிக்கான பட்டயம். சிறு குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற படிப்பைத் தேடி வெளியூர்தான் போக வேண்டும். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக 1969-ல் தொடங்கிய பால வித்யாலயாவும், பல்வகை ஊனங்களுக்கான முட்டுக்காடு தேசிய நிறுவனமும் சென்னைப் பக்கம். படித்து முடித்தவர்களுக்குக் கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அரசுப் பள்ளி வளாகங்களில் 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். அதற்கு அமர்த்திய தற்காலிக ஆசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய். ஒரு மாநிலம் தன் மூன்று வயதுப் பிள்ளையின் ஆசிரியருக்குத் தரும் மதிப்பு இவ்வளவுதானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து தொடங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் 6 முதல் 18 வரைதான். ஆறுக்கு முந்திய கல்வியை அரசு தர முயல வேண்டும் என்பதோடு அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு நின்றுகொள்கிறது. ஆனால் குழந்தையின் உடம்பு ஆறு வயதுவரை காத்திருக்காது. காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு, அதுவும் 6 வயதுக்குள் என்றால்தான். எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறார்களோ அவ்வளவு பேச்சு வரும். அந்த வயதில் குழந்தையைத் தினமும் பார்க்கிற, வீட்டுக்கு வெளியே உள்ள ஒரே ஆள் பால்வாடி டீச்சர்.

வழி தெரியாமல் இல்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வீடு தேடி அனுப்புகிறது. இயன்முறை மருத்துவரும் சிறப்பு ஆசிரியரும் அவர்களுக்குப் பின்னால் நின்று தொடர்ந்து வழிகாட்டுகிறார்கள். கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமைப்பு அது. 1980-ன் ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டமும் இதைத்தான் செய்தது. ஊர்ப் பெண், நீண்ட பயிற்சி, பக்கத்திலேயே ஒரு வழிகாட்டி.

ராமநாதபுரத்தின் 11 வட்டாரங்களிலும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகமும் இருக்கிறது, வட்டார வள மையமும் இருக்கிறது. ஒன்று ஒரு துறை, மற்றொன்று வேறு துறை. அங்கன்வாடிப் பணியாளர்கள் மாதந்தோறும் கூட்டத்துக்கு வந்து கணக்கு ஒப்படைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அரை நாளைச் சிறப்புப் பயிற்றுநருக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு ஆறு முழு நாள் பயிற்சி, அதுவும் அவரவர் மையத்துப் பிள்ளையை வைத்தே. “என் மையத்துல ஒரு பிள்ளை கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது, என்ன செய்ய?” என்று கேட்டு, அடுத்த மாதம் வந்து என்ன ஆனது என்று சொல்லலாம். பாசி எடுக்கும் தாய்மாருடைய நாள்களைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். அப்பாக்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகுக்காரர்கள் அந்த 61 நாளும் வலை பின்னிக்கொண்டு கரையில்தான் இருப்பார்கள். பிள்ளையை மையத்துக்குத் தூக்கிவர, மூலை ஆசனத்துக்குப் பலகை அறுக்க, வாசற்படியை உடைத்துச் சரிவு போட அவர்களைக் கேட்கலாம். மண்டபம் வட்டாரத்திலிருந்தே தொடங்கலாம்.